சூப்பர்ஹீரோ ரோல்பிளேயில் சண்டை எழுதுவது எப்படி: முதல் அடியிலிருந்து கட்டுப் போடும் வரை

“மின்னற்கொடி கையை உயர்த்தினாள். பத்தாயிரம் வோல்ட் மின்சாரம் பாறையின் நெஞ்சைத் துளைத்தது. வலி தாங்காமல் அலறிய அவன், வாழ்நாளில் முதல்முறையாகப் பயந்தான். சுவரில் மோதி விழுந்தவன் மறுபடி எழவில்லை.”

படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறை வேறொருவர் உருவாக்கிய கேரக்டர். மின்சாரம் அவன் மேல் பட்டதா, அலறினானா, பயந்தானா, எழுந்தானா என்று சொல்ல வேண்டியவர் அவர். நாலு வரியில் நாலு முடிவுகளை அவர் கையிலிருந்து பிடுங்கியாகிவிட்டது. இனி அவர் எழுத என்ன இருக்கிறது?

ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு ஒரே கதையை மாறி மாறி எழுதும் சூப்பர்ஹீரோ ரோல்பிளே குழுக்களில் புதியவர்கள் எழுதும் முதல் சண்டை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. காமிக்ஸ் படித்து, படம் பார்த்து வளர்ந்தவர்கள் சண்டை என்றால் ஒரே ஆள் எழுதுவது என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே ஒரு சண்டையை இரண்டு பேர், சில சமயம் ஆறேழு பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

கம்ப்யூட்டர் கேமில் இந்தத் தொல்லை இல்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் என்ற ஆன்லைன் கேம் 2004 ஏப்ரலில் வெளிவந்தது. 2012 நவம்பர் 30 அன்று அதை மூடினார்கள். ரசிகர்கள் நடத்தும் ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் முறையான உரிமம் கிடைத்தது. அதில் ரோல்பிளே செய்பவர்கள் அதிகம். ஆனால் அடி பட்டதா, எவ்வளவு பட்டது என்பதை மென்பொருளே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் சேனலிலோ, ஃபோரத்திலோ, மஷ் என்கிற பழைய எழுத்து சர்வர்களிலோ எழுத்தை மட்டும் நம்பி விளையாடும்போது அந்த நடுவர் கிடையாது. அந்த இடத்தில் இருப்பது எதிராளியின் சம்மதம்தான். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் சம்மதத்தை எப்படிக் கேட்பது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியதுதான்.

தெரிந்திருக்க வேண்டிய சில சொற்கள்

எந்தக் குழுவுக்குப் போனாலும் இவை காதில் விழும். கேரக்டராகப் பேசுவது ஐசி. விளையாடும் ஆளாகப் பேசுவது ஓஓசி. ஒரு முறைக்கு ஒருவர் எழுதும் பத்தி போஸ்ட். மஷ் பழக்கத்தில் வந்தவர்கள் அதையே போஸ் என்பார்கள். எதிராளியின் கேரக்டருக்கு அடி பட்டதாக நீங்களே எழுதினால் ஆட்டோஹிட். எதுவும் தொட முடியாத, எல்லாம் வல்ல ஆளாக உங்கள் கேரக்டரை நடத்தினால் காட்மோடிங். உங்களுக்குத் தெரிந்த, ஆனால் உங்கள் கேரக்டருக்குத் தெரிய வழியில்லாத விஷயத்தைச் சண்டையில் பயன்படுத்தினால் மெட்டாகேமிங். கதையை நடத்துபவர் ஜிஎம், குழுவை மேய்ப்பவர் மாடரேட்டர். இவ்வளவு போதும்.

முதல் படி: எதிராளியின் கேரக்டர் ஷீட்டைப் படியுங்கள்

கேரக்டரின் சக்தி, பலவீனம் எல்லாம் எழுதிவைக்கும் பக்கம்தான் ஷீட். தன் ஷீட்டைப் பத்துமுறை மெருகேற்றுபவர்கள் எதிராளியின் ஷீட்டை ஒருமுறைகூடத் திறப்பதில்லை. சக்தி என்ன என்று மட்டும் பார்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. பலவீனம் என்ன, எந்த வரியில் அவர் ஆசையாக எழுதியிருக்கிறார் என்றும் பாருங்கள். பாறையின் ஷீட்டில் “உடம்பு கல், ஆனால் குளிர்ந்தால் விரிசல் விடும்” என்று இருந்தால் அது அவர் கதவைத் திறந்து வைத்திருக்கும் இடம். யாராவது அந்த வழியாக வரட்டும் என்றுதான் காத்திருக்கிறார். ஆனால் உங்கள் கேரக்டருக்கு அது தெரிய ஒரு காரணம் வேண்டும். முந்தைய சண்டையைப் பார்த்திருக்கலாம், செய்தியில் படித்திருக்கலாம், சண்டை நடுவே பனிக்கட்டி தற்செயலாகப் பட்டுக் கண்டுபிடிக்கலாம். கடைசி வழிதான் எழுதவும் படிக்கவும் சுவையானது.

பலத்தை அளக்கிற விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே அளவுகோலைப் பிடித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். மார்வெல் 1983ல் வெளியிட்ட அதிகாரபூர்வக் கையேட்டில், நூறு டன்னும் அதற்கு மேலும் தூக்குபவர்கள் உச்ச வகுப்பு. 1985ல் மேஃபேர் நிறுவனம் கொண்டுவந்த டிசி ஹீரோஸ் என்ற மேசை ரோல்பிளே விளையாட்டில் ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் அளவு இரட்டிப்பாகும். ஒருவர் ஏழு என்பதும் இன்னொருவர் ஏழு என்பதும் வேறு வேறு உலகங்களின் ஏழாக இருக்கலாம். “உன் ஆள் லாரியைத் தூக்குவானா, கப்பலைத் தூக்குவானா?” என்று கேட்டுவிட்டால் முடிந்தது.

இரண்டாம் படி: சண்டைக்கு முன்னால் ஓஓசியில் பேசுங்கள்

இதைத் தவிர்ப்பதால்தான் பாதிக் குழுக்கள் உடைகின்றன. ஐந்து நிமிடப் பேச்சு போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் சில விஷயங்கள் தெளிவாகிவிட வேண்டும்.

இந்தச் சண்டை எதற்கு? இரண்டு கேரக்டர்களும் நண்பர்களாகப் போகிறார்களா, ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் விழ வேண்டுமா, வில்லன் தப்பிக்க வேண்டுமா? காரணம் தெரிந்தால் எந்த அடி எங்கே விழ வேண்டும் என்பது தானாகவே தெரியும்.

யார் ஜெயிப்பது? இதை முன்னாலேயே பேசினால் சுவாரஸ்யம் போய்விடும் என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. முடிவு தெரிந்த சண்டையில் இரண்டு பேரும் பதற்றமில்லாமல் எழுதுகிறார்கள். தோற்கப்போகிறவர் துணிந்து அடி வாங்குகிறார், ஜெயிக்கப்போகிறவர் துணிந்து தடுமாறுகிறார். 1996ல் டிசியும் மார்வெலும் தங்கள் ஹீரோக்களை மோதவிட்டபோது பதினொரு சண்டைகளில் ஐந்தின் முடிவை வாசகர்களின் ஓட்டுக்கு விட்டார்கள். எழுதியவர்களின் தலையிலிருந்து “யார் பெரியவர்” என்ற பாரம் அப்படி இறங்கியது. உங்களுக்கும் பேசி முடிவெடுக்க முடியவில்லை என்றால் டைஸ் உருட்டுங்கள், இல்லையென்றால் ஜிஎம்மிடம் விடுங்கள். “எழுதிக்கொண்டே போவோம், பார்க்கலாம்” என்பதும் ஒரு வழிதான். ஆனால் அதை நன்றாகப் பழகிய இருவர் மட்டும் செய்யலாம்.

காயம் எதுவரை போகலாம்? எலும்பு முறியலாமா, நிரந்தரத் தழும்பு வரலாமா, முகமூடி கழன்று விழலாமா? சூப்பர்ஹீரோ கதையில் கை முறிவதைவிட முகமூடி கழல்வது பெரிய காயம். ரகசிய அடையாளம் ஒருமுறை வெளியே வந்தால் மூன்று மாதக் கதை தலைகீழாகும். வெளிப்படையாகக் கேட்காமல் யாருடைய முகமூடியையும் தொடாதீர்கள். கேரக்டரைக் கொல்வதும் அப்படித்தான். எழுத்தில் “சரி” என்று வாங்காமல் கிடையவே கிடையாது.

எதை எழுதவே கூடாது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரோல்பிளே ஆடுபவர்களிடம் இதற்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. லைன்ஸ், வெய்ல்ஸ் என்று இரண்டு பட்டியல். முதலாவது கதையில் வரவே கூடாதவை. இரண்டாவது, நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் திரை போட்டு நகர வேண்டியவை. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ்-கார்டு இன்னும் எளிது. யாராவது அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அந்தப் பகுதியை விட்டு நகர வேண்டும். டிஸ்கார்டில் கார்டுக்குப் பதில் ஒரு எக்ஸ் ரியாக்ஷன் போதும். கழுத்தை நெரிப்பது, கண்ணில் காயம், குழந்தைகளைப் பணயமாகப் பிடிப்பது, மனதைக் கட்டுப்படுத்துவது, இவை பலருக்கும் ஒவ்வாதவை. கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நாளில்? சென்னையில் இருப்பவருக்கும் நியூயார்க்கில் இருப்பவருக்கும் அங்கே கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் தூங்கி எழுவதற்குள் அவர் மூன்று போஸ்ட் போட்டிருந்தால் சண்டை உங்களை விட்டுப் போயிருக்கும். “நாளுக்கு ஒரு போஸ்ட், ஆளுக்கு ஆறு போஸ்ட்டில் முடிப்போம்” என்று ஒரு கணக்கு வைத்தால் நிம்மதி.

மூன்றாம் படி: களத்தைக் கட்டுங்கள்

வெட்டவெளியில் நடக்கும் சண்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். அடி, தடு, அடி, தடு என்று நான்கு போஸ்டுக்குள் வற்றிவிடும். முதல் போஸ்ட் எழுதுபவர் மூன்று பொருளையாவது களத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். பாதி கட்டிய பாலம், கிரேன், கீழே ஓடும் ரயில். உடைக்க ஒன்று, ஏற ஒன்று, காப்பாற்ற ஒன்று இருந்தால் போதும். எதிராளியும் புதிதாகப் பொருள் சேர்க்கலாம், இடத்துக்குப் பொருந்த வேண்டும் அவ்வளவுதான். பாலத்தின் மேல் திடீரென்று திரவ நைட்ரஜன் டேங்கர் முளைத்தால் பாறையை எழுதுபவருக்குப் புரிந்துவிடும், அது எதற்கு வந்தது என்று.

அந்த இடம் வேறு யாருடைய கதையிலாவது வருகிறதா என்றும் பாருங்கள். குழுவில் ஒருவர் ஆறு மாதமாக ஒரு காபி கடையை வளர்த்து வைத்திருப்பார். நீங்கள் ஒரே போஸ்டில் அதைத் தரைமட்டமாக்கினால் அவர் உங்களை மன்னிக்கமாட்டார். பொதுக் கட்டடங்களை உடைப்பதற்கு ஜிஎம்மிடம் ஒரு வார்த்தை கேட்பது பல குழுக்களில் எழுதாத விதி.

நான்காம் படி: முயற்சியை மட்டும் எழுதுங்கள்

இதுதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. உங்கள் போஸ்ட் உங்கள் கேரக்டரின் கை எல்லையோடு நிற்க வேண்டும். குத்து கிளம்பலாம், காற்றைக் கிழிக்கலாம், எதிராளியின் தாடையை நோக்கி வரலாம். தாடையில் இறங்குவது அவர் எழுத வேண்டியது. முதலில் பார்த்த அதே காட்சியை இப்படி எழுதலாம்:

“மின்னற்கொடி கிரேனின் இரும்புச் சங்கிலியைப் பிடித்தாள். அதன் மறுமுனை பாறையின் காலடியில் கிடந்ததை அவள் கவனித்திருந்தாள். உள்ளங்கையிலிருந்து நீலப்பொறி கிளம்பிச் சங்கிலி வழியே கணுக்கணுவாக அவனை நோக்கி ஓடியது. இவ்வளவு மின்சாரத்தை விட்டதில் அவள் முழங்கால் லேசாக மடங்கியது.”

பாறையை எழுதுபவருக்கு இப்போது எத்தனை வழி இருக்கிறது பாருங்கள். சங்கிலியை மிதித்து அறுக்கலாம், குதிக்கலாம், மின்சாரத்தை வாங்கிக்கொண்டே நடந்து வரலாம், அடிபட்டு விழலாம். மடங்கிய முழங்காலைக் கவனிக்கவும் செய்யலாம். அந்தக் கடைசி வரிதான் இந்தப் போஸ்டில் உயர்ந்தது. தாக்கும்போதே உங்கள் ஆளிடம் ஒரு இடைவெளியை விட்டுவைத்தால் எதிராளி அதைப் பிடித்து ஏறுவார்.

வினைச்சொல்லைக் கவனித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஓங்கினாள், வீசினாள், குறிவைத்தாள், பாய்ந்தாள் என்பவை முயற்சியில் நிற்பவை. துளைத்தது, முறிந்தது, வீழ்த்தினாள் என்பவை முடிவைச் சொல்பவை. போஸ்டை அனுப்பும் முன் எதிராளியின் பெயர் வரும் வாக்கியங்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். அவர் கேரக்டர் அங்கே ஏதாவது செய்தால், உணர்ந்தால், நினைத்தால் அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். “அவன் முகத்தில் பயம் தெரிந்தது” என்பதுகூட எல்லை தாண்டியதுதான். “அவன் முகத்தில் பயம் தெரிகிறதா என்று தேடினாள்” என்றால் எவருக்கும் வருத்தமில்லை.

நேரடிச் சம்மதம் இருந்தால் இந்த விதி தளரும். “இந்த அடி பட்டதாக எழுதிக்கொள், விலா எலும்பு வரை போகலாம்” என்று அவர் ஓஓசியில் சொல்லிவிட்டால் தாராளமாக எழுதுங்கள். நெடுநாள் ஜோடிகள் அப்படித்தான் வேகமாக எழுதுவார்கள்.

ஒரு போஸ்டில் ஒரு தாக்குதல் என்பது நல்ல அளவு, மிஞ்சினால் இரண்டு. ஏழு அடியைத் தொடர்ச்சியாக அடுக்கினால், இரண்டாவது அடியிலேயே எதிராளி நகர்ந்திருந்தால் மீதி ஐந்தும் காற்றில் போகும். டிஸ்கார்டில் இடமும் அதற்கு ஒத்துழைக்காது. சாதாரணக் கணக்கில் ஒரு மெசேஜுக்கு 2,000 குறிகள்தான். தமிழில் எழுதினால் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். “மின்னல்” என்ற நாலெழுத்துச் சொல் ஏழு குறிகளைத் தின்னும். ஆங்கிலத்தில் எழுதும் நண்பருக்குக் கிடைக்கும் இடத்தைவிட உங்களுக்குக் கிடைப்பது குறைவு.

ஐந்தாம் படி: அடி வாங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல சண்டை எழுத்தாளரை அவர் அடிப்பதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாங்குவதை வைத்துத்தான் தெரியும்.

மல்யுத்தக் காட்சி பார்ப்பவர்களுக்கு இது உடனே புரியும். டபிள்யூடபிள்யூஇ போன்ற மேடைகளில் அடி வாங்குபவர் அதை நிஜமாகக் காட்டுவதற்கு செல் செய்வது என்று பெயர். எதிராளியின் அடியைப் பார்வையாளருக்கு விற்றுக்கொடுப்பது. ஒருவர் செல் செய்யாமல் விறைத்து நின்றால், அடித்தவர் சிறுத்துப்போவார். விறைத்து நின்றவரும் பெரிதாகத் தெரியமாட்டார். இந்தச் சொல் ரோல்பிளே குழுக்களுக்குள்ளும் வந்துவிட்டது. “கொஞ்சம் செல் பண்ணு” என்று ஜிஎம் சொன்னால், எல்லா அடியையும் தவிர்த்துக்கொண்டே இருக்கிறாய் என்று பொருள்.

வரும் மூன்று தாக்குதலில் ஒன்றாவது சரியாகப் படட்டும், ஒன்று உரசிப் போகட்டும், ஒன்றை நீங்கள் தவிர்க்கலாம். இது சட்டம் இல்லை, கண்மதிப்பு. மூன்றையும் தவிர்த்தால் அதற்குக் காட்மோடிங் என்று பெயர் வைப்பார்கள், பெயர் வைப்பவர்கள் தவறு செய்யவில்லை. ஷீட்டிலேயே “இவனை எதுவும் காயப்படுத்தாது” என்று எழுதிவைத்த ஆளாக இருந்தாலும் வழி இருக்கிறது. உடம்பு தாங்கும், நிலை தடுமாறும். தோலில் கீறல் விழாது, ஆனால் பின்னால் நாலு சுவரைத் துளைத்துக்கொண்டு போவான். கோபம் வரும், நேரம் போகும், காப்பாற்ற வேண்டிய ரயில் தூரமாகும்.

பட்ட காயத்தை மறக்காதீர்கள். மூன்றாவது போஸ்டில் இடது தோள் கழன்றது என்று எழுதிவிட்டு, ஐந்தாவது போஸ்டில் அதே கையால் காரைத் தூக்கி வீசினால் எதிராளி உழைத்த உழைப்பு வீண். காயம் குணமாகும் சக்தி உள்ள கேரக்டர்கள் இதில்தான் அதிகம் வழுக்குவார்கள். குணமாவதற்கு ஒரு விலை வையுங்கள். பசியோ தூக்கமோ வலியோ, ஏதாவது ஒன்று.

சூப்பர்ஹீரோ விளையாட்டு விதிகளை எழுதியவர்களும் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள். 1981ல் வந்த சாம்பியன்ஸ் விளையாட்டில் மயக்கத்துக்கு ஒரு கணக்கு, உயிருக்கு ஒரு கணக்கு என்று சேதத்தைப் பிரித்து வைத்தார்கள். அதனால் அங்கே ஹீரோக்கள் அடிக்கடி மயங்குவார்கள், அபூர்வமாகச் சாவார்கள். ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து 2002ல் முதலில் வந்த மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸின் பிந்தைய பதிப்புகளில் இன்னும் ஒரு படி மேலே. ஹீரோவுக்கு ஜிஎம் சிக்கலைக் கொடுத்தால் ஹீரோ பாயிண்ட் கிடைக்கும். பிற்பாடு முக்கியமான நேரத்தில் அதைச் செலவழிக்கலாம். அதாவது, நடுவில் தோற்றதற்குக் கூலி. டைஸ் இல்லாத எழுத்து விளையாட்டில் அந்தக் கூலி நல்ல பெயராக வரும். தோற்கத் தெரிந்தவரோடு எழுத எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

ஆறாம் படி: தொல்லை தரும் சக்திகள்

எல்லாச் சக்திகளும் சமம் என்று சொல்லிவிடலாம், ஆனால் எழுத உட்கார்ந்தால் சில சக்திகள் சண்டையையே தின்றுவிடும்.

வேகக்காரர்கள். “நீ கண் சிமிட்டுவதற்குள் நான் நூறு குத்து விட்டேன்” என்பது தர்க்கப்படி சரி, விளையாட்டுப்படி தவறு. கேரக்டர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எழுதுபவருக்கு ஒரு முறைதான். வேகத்தைக் கணக்கில் காட்டாமல் காட்சியில் காட்டுங்கள். எதிராளி திரும்பும்போது நீங்கள் ஏற்கெனவே அங்கே நிற்கலாம், மேசை மேல் இருந்த டீயைக் குடித்துவிட்டிருக்கலாம். அடி ஒன்றுதான்.

மனதைப் படிப்பவர்கள், மனதை ஆள்பவர்கள். இங்கே ஒவ்வொரு முறையும் ஓஓசியில் கேட்டே ஆக வேண்டும். “உன் ஆள் மனதில் இப்போது மேலோட்டமாக என்ன ஓடுகிறது?” என்று கேளுங்கள். அவர் தருவதை வைத்து எழுதுங்கள். அவர் தராததை நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். மனதைக் கட்டுப்படுத்துவது உடலைக் கட்டுப்படுத்துவதைவிட ஆழமாகப் பாயும். அது ஒரு மனிதருக்கு ஒவ்வாமல் போனால் கதைக்காக வற்புறுத்துவது அநாகரிகம்.

காலத்தை நிறுத்துபவர்கள், நிஜத்தை மாற்றுபவர்கள், எந்தச் சக்தியையும் நகலெடுப்பவர்கள். பல குழுக்கள் இவர்களை விண்ணப்பத்திலேயே நிராகரிப்பது இதனால்தான். உங்கள் குழு அனுமதித்திருந்தால், ஒரு சண்டைக்கு ஒருமுறை என்று நீங்களே உங்களுக்கு வேலி போட்டுக்கொள்ளுங்கள்.

கருவிக்காரர்கள் வேறு மாதிரி. இடுப்புப் பையிலிருந்து அன்றைய தேவைக்கு ஏற்ப எதுவும் வரும். பாறையோடு மோதினால் குளிர்த் துப்பாக்கி, மின்னற்கொடியோடு மோதினால் ரப்பர் கவசம். “நான் முன்னாலேயே தயாராகி வந்தேன்” என்ற வரி நாலாவது போஸ்டில் முதல்முறையாக வரக்கூடாது. தயாரிப்பை முதல் போஸ்டிலேயே காட்டுங்கள், பை கனமாக இருந்தது என்றாவது சொல்லுங்கள்.

ஏழாம் படி: கூட்டமாக மோதும்போது

இரண்டு பேர் சண்டைக்கும் ஆறு பேர் சண்டைக்கும் பெரிய வித்தியாசம், காத்திருப்பு. வரிசை முறை வைத்தால் ஒழுங்கு இருக்கும், ஒருவர் தாமதித்தால் எல்லாரும் நிற்பார்கள். அதனால் பல மஷ் குழுக்களில் மூன்று போஸ் விதி உண்டு. நீங்கள் எழுதியபின் வேறு மூன்று பேர் எழுதிவிட்டால் வரிசை பார்க்காமல் நீங்கள் மறுபடி எழுதலாம். பெரிய சண்டைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஒருவர் மட்டும் இரண்டு நாள் வரவில்லை என்றால் அவர் கேரக்டர் “புகைக்குள் யாரோடோ மோதிக்கொண்டிருக்கிறார்” என்று விட்டுவிடுங்கள். அவர் இல்லாதபோது அவர் ஆளை அடிபட வைக்காதீர்கள்.

இன்னொருவர் மோதிக்கொண்டிருக்கும் எதிரியைப் பின்னாலிருந்து வந்து வீழ்த்துவது பெருங்குற்றம். உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள், முடிக்கும் அடியை அவருக்கே விடுங்கள். அடியாட்கள் கூட்டம் இருந்தால் அவர்களை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கவிடலாம். அவர்கள் யாருடைய கேரக்டரும் இல்லை. இந்தச் சலுகையை ஜிஎம் முன்னாலேயே அறிவிப்பது நல்லது.

புதியவர் ஒருவர் சண்டையில் இருந்தால் அவரை நோக்கி ஏதாவது ஒன்றை வீசுங்கள். கல்லாக இருக்கலாம், கேள்வியாகவும் இருக்கலாம். பழைய ஆட்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்க, புதியவர் நாலு போஸ்டாக “அவன் ஓரமாக நின்று பார்த்தான்” என்று எழுதுவது பரிதாபமான காட்சி.

ஹீரோக்கள் கொலை செய்வதைப் பற்றி உங்கள் குழுவின் நிலைப்பாடு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஎஸ்ஆர் நிறுவனத்துக்காக ஜெஃப் க்ரப் வடிவமைத்த 1984 ஆம் ஆண்டு மார்வெல் விளையாட்டில், கொலை செய்த ஹீரோ சேர்த்து வைத்த கர்மா என்ற புள்ளிகள் முழுவதையும் இழப்பார். எல்லாக் குழுவும் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் வழிப்போக்கர்களை மறந்துவிட்டு கட்டடத்தைச் சாய்க்கும் ஹீரோவை எந்தக் குழுவிலும் மற்ற ஹீரோக்கள் கேள்வி கேட்பார்கள். கேட்டால் அதை ஐசி கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து இன்னொரு நல்ல காட்சி கிடைக்கும்.

எட்டாம் படி: தகராறு வந்தால்

வரும். முதல் விதி, ஐசியில் பதிலடி கொடுக்காதீர்கள். அவர் ஆட்டோஹிட் செய்தார் என்பதற்காக நீங்களும் செய்தால் இரண்டு போஸ்டும் குப்பை. சண்டையை நிறுத்திவிட்டுத் தனி மெசேஜில் எழுதுங்கள். எல்லாரும் பார்க்கும் சேனலில் சொன்னால் அவர் தற்காப்பில் இறங்கிவிடுவார்.

“உங்க கடைசி போஸ்டில் என் ஆளுக்கு அடி பட்டதா எழுதியிருக்கீங்க. அந்த ரெண்டு வரியை மட்டும் மாத்த முடியுமா? நான் அடி வாங்கத் தயார்தான், எப்படி வாங்கினான்னு நானே எழுதிக்கிறேன்.” இப்படிக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் மாற்றிவிடுவார்கள் என்பது என் அனுபவம். எந்த வரி என்று சுட்டுவதும், என்ன வேண்டும் என்று சொல்வதும், விட்டுக்கொடுக்கத் தயார் என்று காட்டுவதும் அந்த மெசேஜில் இருக்கின்றன. “நீங்க எப்பவுமே காட்மோட் பண்றீங்க” என்பதில் ஒன்றுமே இல்லை.

உங்களிடம் அப்படி ஒருவர் கேட்டால், வாதாடாமல் மாற்றிக்கொடுங்கள். இரண்டு வரிதானே. இயற்பியல்படி அந்த மின்சாரம் பட்டிருக்கத்தான் வேண்டும் என்று விளக்கம் எழுதத் தொடங்கினால் நாள் முடியும், சண்டை முடியாது. பறக்கும் மனிதர்கள் இருக்கும் கதையில் இயற்பியலை நடுவராக அழைப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருந்திருக்கிறது.

இருவரும் பேசி முடியவில்லை என்றால் மாடரேட்டரிடம் லிங்க்குடன் போங்கள். அவர் தீர்ப்பு சொன்னபின் அது முடிந்த கதை. ஒருவரோடு திரும்பத் திரும்ப இதே பிரச்சினை என்றால் அவரோடு சண்டைக் காட்சி எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். பேச்சுக் காட்சிகளில் அவர் அருமையானவராக இருக்கக்கூடும்.

ஒன்பதாம் படி: முடிப்பது

சண்டையை முடிக்க நல்ல வழி, ஜெயிப்பவர் கடைசி அடியைத் தொடங்கிவைப்பது, தோற்பவர் அதன் முடிவை எழுதுவது. விழும் அழகை விழுபவரே எழுதட்டும். அவர் விழுந்தபின் ஜெயித்தவர் ஒரு சிறு போஸ்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விழுந்தவர் மேல் நின்று இரண்டு பத்தி வசனம் பேசுவது வில்லனுக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் அவன் அடுத்த காட்சியில் அடி வாங்கப்போகிறான் என்றால்.

எழுதி முடித்ததும் ஓஓசியில் இரண்டு வார்த்தை பேசுங்கள். எந்த வரி பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். கடுமையான காட்சியாக இருந்தால் “நீங்க ஓகேயா?” என்று கேளுங்கள். கேரக்டர்கள் ஒருவரை ஒருவர் வெறுக்கலாம். எழுதிய இருவருக்கும் நடுவே அந்த வெறுப்பு ஒட்டிக்கொள்ளாமலிருக்க இந்த இரண்டு வார்த்தை போதும்.

அப்புறம் கணக்கு வழக்கு. காயம் எத்தனை நாள் இருக்கும் என்று முடிவு செய்து ஷீட்டில் குறியுங்கள், அடுத்த காட்சியில் யாராவது கட்டைப் பார்த்து விசாரிப்பார்கள். எதிராளியின் கேரக்டர் உங்கள் ஆளைப் பற்றி இப்போது என்னென்ன தெரிந்துகொண்டது என்று இருவரும் சேர்ந்து ஒரு வரி எழுதிவைத்தால் பின்னால் மெட்டாகேமிங் வழக்கு வராது. உடைந்த பாலத்தை நகரத்தின் பொதுப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஜிஎம்முக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். இல்லையென்றால் நாளைக்கே வேறு யாராவது அதே பாலத்தின் மேல் பஸ் ஓட்டிக்கொண்டு வருவார்கள்.